போர்க்காலம் பெண்களின் வேலையையும் படைச்சேவையையும் எப்படி மாற்றியது? போர் முடிந்தபின் அந்த மாற்றம் நிலைத்ததா?

பிரிட்டனில் 1941 டிசம்பரில் சட்டம் போட்டு மணமாகாத இளம்பெண்களைப் படைத்துணைப் பணிக்கும் தொழிற்சாலைக்கும் அழைத்த கதை எல்லோரும் எழுதுவது. தேடினால் நிறையக் கிடைக்கும். நான் கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்தவள், எனக்குத் தெரிந்தது என் அம்மாவின் கைப்பை. அங்கேயிருந்தே தொடங்குகிறேன்.

1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பி நடந்த அந்த இடப்பெயர்வில் நாங்களும் நடந்தோம். அடுத்த வருடம் கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். ஊரில் இருந்தவரை அம்மா சந்தைக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. மீன், மரக்கறி எல்லாம் அப்பாதான் சைக்கிளில் கொண்டுவருவார். கொழும்பில் எல்லாம் தலைகீழ். அண்ணாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவனைப் பாண் வாங்கக்கூட அனுப்ப மாட்டோம். அந்த ஆண்டு ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டு வெடித்த பிறகு, ஐசியில், அதாவது அடையாள அட்டையில், யாழ்ப்பாண விலாசம் உள்ள இளம் பெடியன் என்றால் "விசாரிச்சுப்போட்டு விடுறம்" என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். விடுவது நாளைக்கா, அடுத்த கிழமையா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்பாவுக்குச் சிங்களம் வராது, கோபம் மட்டும் வரும். ஆகவே லைட் பில், வங்கி, வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்ற பொலிஸ் பதிவு, வீட்டுக்காரரோடு வாடகைப் பேச்சு எல்லாம் அம்மாவின் தலையில் விழுந்தன. நாற்பத்தைந்து வயதில் சிங்களம் படித்தார், பஸ் கொண்டக்டர்களிடம்.

சம்பாத்தியமும் அப்படித்தான். வெள்ளவத்தை லொட்ஜுகளில் அப்போது வெளிநாடு போகக் காத்திருக்கும் வடக்குச் சனம் நிறைய இருந்தது. ஒரு அறைக்குள் ஐந்து பேர், சமைக்க இடமில்லை. அம்மா காலை நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் பிழிவார். பத்து இடியப்பம், சொதி, சம்பல், ஒரு பார்சல். இருபது பார்சல் என்றால் இருநூறு இடியப்பம். அவரது வலது தோள் இன்றைக்கும் இடதை விட இறங்கித்தான் இருக்கும். அப்பாவின் பென்சன் வந்து சேராத மாதங்களில் வீட்டு வாடகை அந்த உரலிலிருந்துதான் வந்தது. அப்பா தேங்காய் துருவிக் கொடுப்பார், கதவைச் சாத்திவிட்டு.

பார்சல் பையோடு போகும் வழியில் ஒரு செக் பொயின்ட். மண் மூட்டைகளுக்குப் பின்னால் பழைய சேலைத் துணியில் ஒரு திரை, அதற்குள் ஒரு பொலிஸ் பெண். பையைக் கொட்டிப் பார்ப்பாள், உடம்பைத் தடவிப் பார்ப்பாள். எனக்கு அவளைக் கண்டாலே வயிறு கலங்கும். ஒருநாள் அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே பத்திரிகைத் தாள் சுருட்டி அடைத்திருந்தது. ஆண்களின் அளவாம், அவளுக்குப் பொருந்தும் அளவு வரவில்லையாம். ஊர் மொனராகலைப் பக்கம், வயது இருபத்திரண்டு. அம்மா வீட்டுக்கு வந்ததும் சொன்னது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளைக்குக் காலெல்லாம் புண்." இரக்கமா, அல்லது கொஞ்சம் திருப்தியா என்று எனக்கு இன்றும் தெரியாது. அடுத்த நாளும் அவள் பையைக் கொட்டித்தான் பார்த்தாள்.

அவள் அங்கே நின்றதற்குக் காரணமும் பெண்கள்தான். 1999 டிசம்பர் 18இல் நகர மண்டபத்தருகே ஜனாதிபதி சந்திரிகாவைக் குறிவைத்து வெடித்தவர் விடுதலைப் புலிகள் இயக்கத்துப் பெண். 2006 ஏப்ரலில் இராணுவத் தலைமையகத்துக்குள் கர்ப்பிணி போல நுழைந்தவரும் பெண். பெண்ணின் உடம்பே சந்தேகத்துக்குரியதான பிறகு அதைத் தடவிப் பார்க்க இன்னொரு பெண் வேண்டியிருந்தது. இலங்கை இராணுவத்தின் மகளிர் படையணி 1979இலேயே, போருக்கு முன்பே, தொடங்கிவிட்டது. ஆனால் பெண்களைச் சீருடையோடு நடுத்தெருவில் நிறுத்தியது போர்தான். ஒரு பக்கத்துப் பெண் வெடித்ததால் மறுபக்கத்துப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது என்பது கேட்கக் கொடூரமாக இருக்கும். நடந்தது அதுதான்.

இனி இயக்கத்துப் பெண்கள். 1985இல் முதல் அணி தமிழ்நாட்டில் பயிற்சி எடுத்தது. 1987 ஒக்டோபர் 10இல் இந்தியப் படையோடு கோப்பாயில் நடந்த மோதலில் மாலதி இறந்தார். களத்தில் இறந்த முதல் பெண் போராளி அவர். பிறகு அவர் பெயரிலும் சோதியா பெயரிலும் படையணிகள் வந்தன, அவற்றுக்குப் பெண்களே தளபதிகள். யாழ்ப்பாணத்தில் பெண் சைக்கிள் ஓடினாலே கண் வைக்கிற ஊரில் அவர்கள் ட்ரக் ஓடினார்கள். அதைக் கண்ட என் வயதுப் பிள்ளைகளுக்குப் பிரமிப்பு வந்தது உண்மை. ஆனால் அதையே பெண்விடுதலை என்று முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. விரும்பிப் போனவர்கள் இருந்தார்கள். கடைசி வருடங்களில் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளும் இருந்தார்கள். பிடித்துப் போவார்கள் என்ற பயத்தில் பதினேழு வயதில் அவசரமாகத் தாலி கட்டிவைக்கப்பட்ட பெண்களும் இருந்தார்கள். மூன்றும் போர் செய்த மாற்றம்தான்.

சரி, இதற்கு முந்திய போர், இரண்டாம் உலகப் போர். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. அந்தப் போரில் கொழும்பு அன்டர்சன் கொல்ஃப் மைதானத்தில் இருந்த பிரித்தானிய ஒட்டுக்கேட்பு நிலையத்தில் 'ரென்' எனப்பட்ட கடற்படைப் பெண்கள் ஜப்பானியரின் சங்கேதச் செய்திகளோடு வேலை செய்தார்கள். அது படைச்சேவை என்று பதிவானது. அதே காலத்தில் சிங்கப்பூரும் மலாயாவும் விழுந்து, நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் பெருமளவில் இலங்கையிலிருந்தே போகவேண்டி வந்தது. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று வெட்டிப் பால் எடுத்தார்கள். அவிசாவளைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்வாளியோடு இருட்டில் மரத்துக்குப் போனவர்களில் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். அது கூலிவேலை என்றே பதிவானது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது 1984இல்தான்.

கடலுக்கு அந்தப் பக்கமும் ரப்பர்த் தோட்டம்தான். 1943இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். தளபதி லட்சுமி சுவாமிநாதன் சென்னைக்காரர், மருத்துவர். ஆனால் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டத்து லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். ஒரே மாதிரி லயன், ஒரே மாதிரி மரம். இங்கே இருந்தவள் வெள்ளைக்காரனின் போருக்குப் பால் வெட்டினாள், அங்கே இருந்தவள் அவனுக்கு எதிராகத் துவக்குத் தூக்கினாள்.

(போரில் உழைத்ததால்தான் பெண்களுக்கு வாக்கு கிடைத்தது என்று சில நாடுகளைப் பற்றிச் சொல்வார்கள். இலங்கைப் பெண்கள் 1931இலேயே வாக்குப் போட்டுவிட்டார்கள், எந்தப் போரும் இல்லாமல்.)

நிலைத்ததா என்ற இரண்டாவது பகுதிதான் கஷ்டம். என் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி வன்னியில் இயக்கத்தில் இருந்து, போர் முடிந்ததும் முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முடித்து வந்தவள். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தாள். போருக்குப் பிறகு வடக்கில் அந்த வேலைக்கு நிறையப் பெண்கள் போனார்கள், பலர் புருஷனை இழந்தவர்கள். முகத்தில் கண்ணாடிக் கவசம், மேலே கனமான அங்கி. முழங்காலில் இருந்து மண்ணை விரற்கடை விரற்கடையாகச் சுரண்ட வேண்டும். கிளினிக்குக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கும்போது பக்கத்து வீட்டு மாமி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பிள்ளை இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" ஒருமுறை ஒரு சம்பந்தம் கிட்டத்தட்ட முடிவாகி, அவள் எங்கே இருந்தவள் என்று தெரிந்ததும் நின்றுபோனது. வெடி எடுக்கிற கைக்குப் பயப்படாதவர்கள் அவளுடைய பழைய இயக்கத்துத் தலைமயிர் வெட்டுக்குப் பயந்தார்கள்.

அம்மாவின் வியாபாரமும் போரோடு முடிந்தது. 2009க்குப் பிறகு லொட்ஜுச் சனம் குறைந்து, பார்சல் கேட்க ஆளில்லை. கைப்பை மட்டும் அலுமாரியில் இருக்கிறது. போன வருடம் துப்புரவாக்கும்போது அதற்குள் பழைய பொலிஸ் பதிவுப் பத்திரத்தின் போட்டோ கொப்பி ஒன்று கிடந்தது. மடிப்பில் கிழிந்திருந்தது. வரிசையில் நின்று, அம்மாவே சிங்களத்தில் சொல்லிச் சொல்லி நிரப்புவித்த பத்திரம். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர். அம்மாவின் பெயருக்கு நேரே, தொழில்: இல்லை.

"ஏன் அம்மா, இடியப்பம் எண்டு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னால் லைசன்ஸ் கேட்டிருப்பாங்கள்," என்றார்.