ஆறு வழி இருந்தும் நெரிசல் ஏன்?

கேள்வி: சென்னையின் ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) ஆறு வழிச் சாலைதானே, அப்புறம் ஏன் சோழிங்கநல்லூரைத் தாண்டுவதற்குள் உயிர் போகிறது? (வாசகி, நாவலூர்)

பதில்: சாலை அகலமாகத்தான் இருக்கிறது அம்மா, ஆனால் எல்லோருக்கும் அந்த ஒரு சாலைதான். 2000-இல் தரமணியில் டைடல் என்ற ஐ.டி. பூங்கா வந்தது, பின்னாலேயே சிறுசேரி வரை அலுவலகங்கள், அடுக்குமாடிகள், ஹோட்டல்கள், மால்கள் என்று வரிசையாக எழுந்தன. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், நடுவில் நீளமான ஒரு துண்டு நிலம். கிழக்கேயும் மேற்கேயும் போக இணைப்புச் சாலைகள் குறைவு, அதனால் பக்கத்துத் தெருவுக்குப் பால் வாங்கப் போகிறவரும் மாமல்லபுரம் போகிறவரும் அதே சாலையில்தான் இறங்க வேண்டும். போதாததற்கு, கடை வாசலில் நிறுத்திய கார் பின்பக்கமாக மெதுவாக வெளியே வரும், பின்னால் வரும் பேருந்து பிரேக் அடிக்கும், அவ்வளவுதான், ஒரு வழி அடைபட்டுவிடும். யு-டர்ன் இருக்கும் இடங்களில் இது இன்னும் மோசம்.

கேள்வி: சுங்கச்சாவடிகளை எடுத்த பிறகும் மாறவில்லையே?

பதில்: 2021-இல் நான்கு சாவடிகளிலும் 2023-இல் நாவலூரிலும் வசூல் நின்றது, காசு மிச்சம், ஆனால் வண்டிகள் குறையவில்லையே. எனக்கு நம்பிக்கை மாதவரம்–சிறுசேரி மெட்ரோ மேல்தான். அது ஓடத் தொடங்கும்போது நிலையத்திலிருந்து வீடு வரை நடக்க நல்ல நடைபாதையும், உள்தெருக்களுக்குச் சிற்றுந்தும் கட்டாயம் வேண்டும், அதை இப்போதே உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள்.