கை தாமதமா, கவனம் தாமதமா?

அன்புள்ள அண்ணா,

இருவர் மோதும் சண்டை வீடியோ கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 விளையாடுகிறேன், மாஸ்டர் என்ற உயர்ந்த ரேங்க். சில மாதங்களாக, அதற்குக் கீழே பிளாட்டினத்தில் இருக்கும் ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவன் தோற்ற மேட்ச்களின் ரீப்ளேவைப் பார்த்து, தவறுகளை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்புவேன். அவனும் பொறுப்பாகப் படிக்கிறான். ட்ரெயினிங் மோடில் எல்லாம் கைக்கு வருகிறது. மேட்ச்சில் மட்டும் எதிராளி குதித்தால் அடி வாங்குகிறான், டிரைவ் இம்பாக்ட் என்ற மெதுவான பெரிய அடி வந்தால் பார்த்துக்கொண்டே நிற்கிறான். நான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபின் முன்பைவிட மோசமாக ஆடுகிறான் என்றே தோன்றுகிறது. ரியாக்‌ஷன் பிறவியிலேயே குறைவாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாதா? தோற்கும்போதெல்லாம் கேரக்டரை மாற்றட்டுமா என்று வேறு கேட்கிறான். என்ன சொல்வது?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

அந்தப் பையனின் ரியாக்‌ஷனில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எழுதியதிலேயே அதற்கு ஆதாரம் இருக்கிறது. ட்ரெயினிங் மோடில் செய்கிறான், மேட்ச்சில் செய்வதில்லை. கை அதே கை, கண்ணும் அதே கண்தான். மாறுவது கவனம் ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த கேம் விநாடிக்கு 60 ஃப்ரேமில், அதாவது 60 படங்களாக, ஓடுகிறது. டிரைவ் இம்பாக்ட் தொடங்கி அடி விழ 26 ஃப்ரேம், அதாவது 0.43 விநாடி. திரையில் ஒன்று தோன்றியதும் பட்டனை அழுத்து என்று சொன்னால், சாதாரண மனிதருக்கு 0.20 முதல் 0.25 விநாடி ஆகும். திரையும் கன்ட்ரோலரும் தின்னும் சில ஃப்ரேம்களைக் கழித்தாலும் நேரம் மிச்சம் இருக்கிறது. குதித்து வருகிறவனைக் காற்றிலேயே அடித்துத் தட்டுவதற்கு அதைவிடத் தாராளம். பெரும்பாலான கேரக்டர்களுக்கு, கிளம்புவதிலிருந்து தரையில் இறங்கும் வரை ஏறக்குறைய முக்கால் விநாடி ஆகிறது. அவ்வளவு நேரம் இருந்தும் பையன் அடி வாங்குகிறான் என்றால், அந்த நேரத்தில் அவன் மனம் வேறு வேலையாக இருந்திருக்கிறது.

என்ன வேலை? ரீப்ளேவில் குதிப்பதற்கு ஒரு விநாடி முன்னால் நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அவன் ஏதாவது ஒரு பட்டனை அழுத்திக்கொண்டிருப்பான். நடுத்தூரத்தில் நின்று, காற்றில் உதைத்துக்கொண்டு, அது பட்டால் அடுத்து என்ன காம்போ (தொடர் அடி) போடுவது என்று யோசித்துக்கொண்டிருப்பான். உதை முடிந்து கால் திரும்பும்போதுதான் எதிராளி தலைக்கு மேல் இருப்பது தெரியும். அதைக் குதித்தபின் செய்த தவறு என்று குறித்து அனுப்பினால், அவனால் எதையும் திருத்த முடியாது. தவறு அதற்கு முன்பே, தரையில், தேவையில்லாத பட்டனில் நடந்துவிட்டது.

இதனால்தான் உங்கள் பட்டியல் அவனைக் கெடுக்கிறது என்கிறேன். வில்லியம் ஹிக் என்ற உளவியலாளர் 1952லேயே சோதித்துக் காட்டிய விஷயம் இது: எத்தனை வாய்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறதோ, அதற்கேற்ப பதில் சொல்ல ஆகும் நேரம் கூடுகிறது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு வரியும் அவன் மனதில் இன்னொரு வாய்ப்பைத் திறந்துவைக்கிறது. குதித்தால் தட்டு, த்ரோ (பிடித்து எறிவது) வந்தால் விடுவித்துக்கொள், தூரத்திலிருந்து வரும் ஃபயர்பாலைக் கவனி, காம்போவை நீளமாக முடி. இத்தனையையும் சுமந்துகொண்டு மேட்ச்சுக்குள் போகிறவன் முன்பைவிட மெதுவாகத்தான் ஆடுவான். படிப்பில் அக்கறையுள்ள பையன் என்கிறீர்களே, அதனால் பாதிப்பு அவனுக்கு இன்னும் அதிகம்.

சண்டை கேம்களின் பெரிய போட்டியான ஈவோவில், 2004இல், டைகோ உமெஹாரா என்ற ஆட்டக்காரர், எதிரே ஆடிய ஜஸ்டின் வோங்கின் கேரக்டர் சுன் லீ விட்ட 15 அடிகளையும் பாரி செய்ததை, அதாவது உயிர் குறையாமல் சரியான கணத்தில் தடுத்ததை, நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாதாரணமாக பிளாக் செய்தாலே டைகோவின் மிச்ச உயிர் போய்விடும் நிலை. எல்லோரும் அதை அதிவேக ரியாக்‌ஷன் என்று கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்தத் தாக்குதலின் முதல் அடியைப் பார்த்தபின் தடுக்க நேரமே கிடையாது. வோங் அந்த நேரத்தில் அதைத்தான் விடுவார் என்று எதிர்பார்த்து நின்றதால்தான் அது முடிந்தது. எதிர்பார்ப்பைச் சொல்லிக்கொடுக்க முடியும். உங்கள் வேலை அங்கேதான் இருக்கிறது.

ஆகவே பட்டியலை நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்குக் குதிப்பது மட்டும் போதும். ட்ரெயினிங் மோடில் எதிர் கேரக்டருக்கு மூன்று அசைவுகளை ரெக்கார்ட் செய்யுங்கள்: முன்னால் நடப்பது, ஃபயர்பால் விடுவது, குதிப்பது. மூன்றும் மாறி மாறித் தானாக வரும்படி வையுங்கள். குதிப்பது மட்டும் வந்துகொண்டிருந்தால் அது கைப்பயிற்சியோடு நின்றுவிடும். மூன்றும் கலந்து வந்தால்தான் கண் பழகும். பிறகு உங்களோடு ஆடட்டும். ஜெயித்தான், தோற்றான் என்ற கணக்கை அன்று எடுக்கவே வேண்டாம். எத்தனை முறை நீங்கள் குதித்தீர்கள், எத்தனை முறை அவன் தட்டினான், அவ்வளவுதான் கணக்கு. அந்தத் தூரத்தில் அவன் அழுத்தும் பட்டன்கள் தானாகக் குறைவதைப் பார்ப்பீர்கள். குறையக் குறைய டிரைவ் இம்பாக்ட்டும் அவன் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அதற்கென்று தனிப் பாடம் தேவைப்படாமலே போகலாம்.

ரீப்ளே பார்க்கும் முறையைப் பற்றியும் சொல்லவேண்டும். நீங்கள் தனியாகப் பார்த்து எழுதி அனுப்பாதீர்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், பேசுவதை அவனிடம் விடுங்கள். நிறுத்திவிட்டு ஒரே கேள்வி: “இந்த இடத்தில் எதை எதிர்பார்த்தாய்?”

“த்ரோ போடுவான்னு நினைச்சேன்.”

“ஏன்?”

“முன்னாடி ரெண்டு தடவை கார்னர்ல அதைத்தான் போட்டான்.”

இப்படி ஒரு பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள். அவன் எதிராளியைப் படித்திருக்கிறான். அந்தமுறை எதிராளி த்ரோ போடாமல் அடித்துவிட்டான், பையன் உயிரில் பாதி போனது, மேட்ச்சும் போயிருக்கும். இருந்தாலும் அது தவறு இல்லை. விழுந்து எழும்போது த்ரோவா அடியா என்பது எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் ஊகம்தான். ஊகம் பொய்த்த ஒவ்வொரு இடத்தையும் தவறு என்று குறித்தால், ஊகிக்கவே பயப்படுவான். பயந்தவன் பிளாக் பிடித்துக்கொண்டு கார்னரிலேயே சாவான். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. நன்றாக வரவேண்டிய எத்தனையோ பேர், உடன் இருந்தவர்கள் முடிவை மட்டும் பார்த்துத் திட்டியதால் பாதியில் நின்றிருக்கிறார்கள்.

“தெரியல, சும்மா அழுத்தினேன்” என்று சொல்கிறான் பாருங்கள், அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் ஜெயித்த மேட்ச்சிலும் அது இருக்கும். அடுத்த பாடம் அங்கிருந்துதான் வரவேண்டும். ஆகவே ஜெயித்த ரீப்ளேக்களையும் எடுங்கள்.

உங்களோடு மட்டும் ஆடினாலும் போதாது. உங்கள் பழக்கங்களுக்கு மட்டும் பதில் தெரிந்தவனாக ஆகிவிடுவான். பாகிஸ்தானின் அர்ஸ்லான் ஆஷ் 2019இல் ஈவோ ஜப்பான், ஈவோ இரண்டிலும் டெக்கன் 7 என்ற இன்னொரு சண்டை கேமின் பட்டத்தை வென்றபோது, தன் நாட்டில் தனக்கு ஈடான ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டில் முன்னணிக் கொரிய வீரர் ஒருவர் அங்கேயே போய் அவர்களோடு ஆடிப் பார்த்தார். தினமும் எதிரே வேறு வேறு ஆள் உட்காரும் கூட்டம் செய்வதை ஒரு பயிற்சியாளர் தனியாகச் செய்துவிட முடியாது. அவன் ரேங்க்கில் இருக்கும் நாலைந்து பேரைத் தேடிப்பிடித்து, ஒரே ஆளோடு தொடர்ந்து பத்து மேட்ச் ஆடும்படி ஏற்பாடு செய்யுங்கள். ரேங்க் மேட்ச்சில் எதிராளியைப் படித்து முடிப்பதற்குள் அவன் போய்விடுகிறான்.

கேரக்டர் மாற்றும் விஷயம்: இப்போது வேண்டாம். புதுக் கேரக்டர் என்றால் புதுக் காம்போ, புதுத் தூரம், கவனம் மறுபடியும் தன் கைக்கே போய்விடும். குதிப்பவனைத் தட்டுவது யோசிக்காமல் வரும் நாளில், அப்போதும் அவனுக்கு ஆசை இருந்தால், தாராளமாக மாற்றட்டும். அதுவும் தோற்ற அன்று இராத்திரி முடிவு செய்யவேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்.