லினக்ஸில் விண்டோஸ் கேம்களை ஓட்ட எனக்கென்று ஒரு புரோட்டான் பில்ட் செய்வது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் அசெம்பிள் செய்த பிசி. ரேடியான் கார்டு, 16 ஜிபி ராம், உபுண்டு 24.04. விண்டோஸும் கூடவே இருக்கிறது, கேம்கள் எல்லாம் அதன் டி டிரைவில். ஒரு பழைய 32 பிட் கேம் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. இன்னொன்றில் கதைக் காட்சி வரவேண்டிய இடத்தில் கலர் பட்டைகள். மூன்றாவது, மல்டிபிளேயர் மெனுவைத் தொட்டதும் கிராஷ். "சொந்தமாக ஒரு லேயர் எழுதினால் மூன்றும் சரியாகுமா? அப்படியே வேலரண்ட்டும் ஓடுமா?"

இந்த மூன்றில் மூன்றாவதற்கு மட்டும்தான் புரோட்டான் பில்ட், அதாவது ஸ்டீமின் விண்டோஸ்-லினக்ஸ் லேயரை மூலக்கோடிலிருந்து நாமே கட்டுவது, தேவைப்படலாம். மற்ற இரண்டும் பில்ட் செய்தாலும் அப்படியே இருக்கும். அதனால் முதலில் பிரித்துப் பார்க்கும் வேலை, பிறகு பில்ட். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். சூழல் மாறிகள் முழுக்கப் பெரிய எழுத்தில், அடிக்கோட்டோடு.

விண்டோஸ் கேமுக்கும் லினக்ஸுக்கும் இடையில் நின்று மொழிபெயர்க்கும் லேயரை யாரும் வெறுங்கையிலிருந்து எழுதுவதில்லை. 1993இல் தொடங்கிய வைன்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். கேமின் இயந்திரக் குறியீடு உங்கள் பிராசசரில் நேராகவே ஓடுகிறது. அது விண்டோஸிடம் கேட்கும் அழைப்புகளுக்கு மட்டும் வைன் பதில் சொல்கிறது. டைரக்ட்எக்ஸ் 8 முதல் 11 வரையிலான கிராஃபிக்ஸ் அழைப்புகளை, லினக்ஸில் ஓடும் கிராஃபிக்ஸ் இடைமுகமான வல்கனாக மாற்றுவது டிஎக்ஸ்விகே, 12ஐ மாற்றுவது விகேடி3டி-புரோட்டான். வைனையும் இத்தகைய மாற்றிகளையும் கோட்வீவர்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, ஸ்டீமை நடத்தும் வால்வ் 2018 ஆகஸ்டில் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியிட்டதுதான் புரோட்டான். நீங்கள் செய்யப்போவது அந்த மூட்டையை அவிழ்த்து, ஓர் இடத்தைத் திருத்தி, மறுபடி கட்டுவது.

ஸ்டீமில் கேமின் லாஞ்ச் ஆப்ஷனில் "புரோட்டான்_லாக்=1 %கமாண்ட்%" என்று போட்டு ஓட்டுங்கள். ஹோம் ஃபோல்டரில் "ஸ்டீம்-" என்று தொடங்கி கேமின் எண்ணோடு ஒரு லாக் கோப்பு விழும். புதிதாகப் படிப்பவர்கள் அதில் "ஃபிக்ஸ்மி" என்று வரும் நூற்றுக்கணக்கான வரிகளைத் துரத்தி இரண்டு நாளைத் தொலைப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை கேமைப் பாதிப்பதே இல்லை. தேட வேண்டியவை வேறு. "இம்போர்ட்_டிஎல்எல்" என்ற பிழை வந்தால் ஒரு டிஎல்எல் (கேம் பயன்படுத்தும் விண்டோஸ் நிரல் நூலகக் கோப்பு) காணவில்லை. "அன்இம்ப்ளிமென்டட் ஃபங்ஷன்" என்று ஒரு பெயரும் பக்கத்தில் "அபார்ட்டிங்" என்றும் வந்தால், வைன் இன்னும் எழுதாத ஒரு ஃபங்ஷனை கேம் கூப்பிட்டிருக்கிறது. அப்போது 80000100 என்ற எண்ணும் கூடவே தெரியும். பேட்ச், அதாவது மூலக்கோடில் திருத்தம், எழுதத் தகுந்த இடம் இதுதான். சி0000005 என்ற மெமரிப் பிழையை மட்டும் அவசரப்பட்டு நம்ப வேண்டாம். பல கேம்கள் அதைத் தாமே எழுப்பித் தாமே பிடித்துக்கொள்ளும், கேம் சாவதற்குச் சற்று முன் கடைசியாக வந்ததுதான் கணக்கு.

இனி உங்கள் மூன்று சிக்கல்கள்.

திறந்ததும் மூடும் கேமில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த டி டிரைவை. ஒவ்வொரு கேமுக்கும் ஸ்டீம் லைப்ரரியில் "காம்ப்பாட்டேட்டா" ஃபோல்டருக்குள் ஒரு ப்ரீஃபிக்ஸ், அதாவது கேமுக்கு விண்டோஸ் டிரைவாகத் தெரியும் ஃபோல்டர், உருவாகிறது. அதற்குள் "டாஸ்டிவைசஸ்" ஃபோல்டரில் சி என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்ந்த பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறிடத்தைச் சுட்டும் குறுக்குவழி) இருக்க வேண்டும். விண்டோஸின் விதிப்படி முக்காற்புள்ளி கோப்புப் பெயரில் வரக்கூடாது. விண்டோஸின் வடிவமான என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கும் டிரைவை லினக்ஸில் எப்படி மவுண்ட் செய்கிறீர்கள் (இணைக்கிறீர்கள்) என்பதைப் பொறுத்து, ஒன்று அந்த லிங்க் உருவாகவே செய்யாது, அல்லது உருவானதை அடுத்த முறை விண்டோஸின் டிஸ்க் சோதனை பழுதென்று நினைத்துக் கை வைக்கும். எஸ்.பி. ரோட்டிலேயே ஒரு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கி, லினக்ஸின் எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்து, லைப்ரரியை அங்கே கொண்டுபோவதுதான் உறுதியான வழி. இப்போதைக்கு முடியாதென்றால், காம்ப்பாட்டேட்டாவை மட்டும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு மாற்றி, பழைய இடத்திலிருந்து சிம்லிங்க் கொடுங்கள். அது 32 பிட் கேம் என்பதால் இன்னொன்றும் பாருங்கள். 32 பிட் வல்கன் டிரைவர், அதாவது மேசா வல்கன் டிரைவர்ஸ் பேக்கேஜின் ஐ386 வடிவம், இல்லையென்றால் 64 பிட் கேம்கள் ஓடும், இது மட்டும் ஓடாது.

கலர் பட்டைகள் வீடியோ டீகோடர் பிரச்சினை. சில கோடெக்குகளை, அதாவது வீடியோவை விரிக்கும் நிரல்களை, சட்டக் காரணங்களால் வால்வ் புரோட்டானோடு சேர்த்துத் தர முடியாது. அதனால் வீடியோக்களைத் தன் சர்வரில் மாற்றி, ஷேடர் ப்ரீ-கேஷ் (ஸ்டீம் முன்கூட்டியே இறக்கிவைக்கும் கோப்புகள்) வழியாக அனுப்புகிறது. மாற்றிய வீடியோ கைக்கு வராதபோது அந்த இடத்தில் நிற்பதுதான் கலர் பட்டை. டேட்டாவை மிச்சப்படுத்த ப்ரீ-கேஷை அணைத்து வைத்திருந்தால் முதலில் அதைத் திறந்துவிடுங்கள். அதிலும் சரியாகவில்லையென்றால் வால்வ் அல்லாத ஒருவர் கட்டித் தரும் வடிவமான ஜிஇ-புரோட்டானைப் போட்டுப் பாருங்கள், அதில் கூடுதல் வீடியோ ஆதரவு இருக்கிறது. ஸ்டீம் ஃபோல்டருக்குள் "காம்பாட்டிபிலிட்டிடூல்ஸ்.டி" என்ற இடத்தில் விரித்து, ஸ்டீமை மூடித் திறந்தால் போதும். ஃப்ளாட்பேக் பேக்கேஜாக நிறுவிய ஸ்டீம் என்றால் அந்த ஃபோல்டர் வேறிடத்தில், ஹோமுக்குள் மறைந்திருக்கும் "வார்" ஃபோல்டரின் கீழ் இருக்கும்.

வேலரண்ட் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு நிரலான வான்கார்ட் விண்டோஸ் கெர்னலுக்குள் டிரைவராக உட்கார வேண்டியது, வைனில் அப்படியொரு கெர்னலே கிடையாது. மற்ற ஏமாற்றுத் தடுப்பு நிரல்களான ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021இலிருந்தே புரோட்டானை ஏற்கின்றன, ஆனால் ஒவ்வொரு கேமின் தயாரிப்பாளரும் தனியாக அனுமதித்தால்தான் வேலை செய்யும். பேட்ச் எழுதி இதைத் தாண்டப் பார்த்தால் உங்கள் அக்கவுன்ட்தான் போகும்.

மூன்றாவது கேமின் கிராஷில் "அன்இம்ப்ளிமென்டட்" வரி இருந்தால், இப்போது பில்ட்.

கன்டெய்னரை (தனியாக மூடிய லினக்ஸ் சூழலை) ஓட்டும் டாக்கர் அல்லது பாட்மேன் வேண்டும். கம்பைலர்கள் எல்லாம் வால்வின் கன்டெய்னருக்குள்ளேயே வந்துவிடும், உங்கள் உபுண்டுவில் ஒவ்வொன்றாக நிறுவத் தேவையில்லை. 50 ஜிபிக்குக் குறையாமல் காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். புரோட்டானின் மூலக்கோடு இருக்கும் ரெப்போவை "கிட் குளோன் --ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்" என்று இறக்குங்கள். வைன் உட்பட எல்லாமே சப்மாட்யூல்கள் (ரெப்போவுக்குள் அடங்கிய வேறு ரெப்போக்கள்) என்பதால் இறக்கம் பெரிது. பி.ஜி. விடுதி வைஃபையில் பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து வேண்டாம். "கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்" என்று திரும்பக் கொடுத்தால் முடிந்தவற்றை விட்டுவிட்டு மீதியை மட்டும் இறக்கும். வரலாறு இல்லாமல் மேலோட்டமாக குளோன் செய்யும் ஆசை வரும், வேண்டாம். பிறகு பைசெக்ட் செய்ய, அதாவது பாதி பாதியாகப் பிரித்துப் பிழை நுழைந்த மாற்றத்தைத் தேட, அந்த வரலாறு வேண்டும்.

பிறகு "புரோட்டான்_9.0" போன்ற ஒரு நிலையான கிளைக்கு மாறுங்கள், உங்கள் கேம் எதில் கிராஷ் ஆகிறதோ அதே கிளை. மாறியதும் மேலே சொன்ன சப்மாட்யூல் கட்டளையை மறுபடி ஓட்ட வேண்டும். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்: மேல் ஃபோல்டர் ஒரு பதிப்பிலும் உள்ளே வைன் வேறொரு பதிப்பிலும் நிற்க, எங்கோ நடுவில் புரியாத பிழையோடு பில்ட் நின்றுபோகும்.

தனியாக ஒரு பில்ட் ஃபோல்டர் உண்டாக்கி, அதற்குள்ளிருந்து ரெப்போவின் "கன்ஃபிகர்.எஸ்எச்" கோப்பை "--எனேபிள்-சிகேஷ்", "--பில்ட்-நேம்=" என்ற இரண்டு தெரிவுகளோடு ஓட்டுங்கள். அடுத்து "மேக்", பிறகு "மேக் இன்ஸ்டால்". முதல் பில்டை எலக்ட்ரானிக் சிட்டி பஸ் ஏறுவதற்கு முன் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. சிகேஷ் இருப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் கம்பைல் ஆன கோப்புகள் வீணாகாது. "கில்ட்" என்று ஒரே சொல்லோடு கம்பைலர் செத்தால் கோடில் தவறில்லை, ராம் தீர்ந்திருக்கிறது. கெர்னல் லாகைக் காட்டும் "டிஎம்இஎஸ்ஜி" கட்டளையைப் பார்த்தால் உறுதியாகும். 8 ஜிபி ஸ்வாப் சேர்த்து, பிரவுசரை மூடிவிட்டு மறுபடி கொடுங்கள்.

எதையும் திருத்தாமல் ஒருமுறை பில்ட் செய்து, அதில் கேம் பழையபடியே கிராஷ் ஆகிறதா என்று பாருங்கள். அது தெரியாமல் பேட்ச் போட்டால், வந்த மாற்றம் பேட்சாலா பில்டாலா என்று சொல்லவே முடியாது. சோதிப்பதற்கு முன் காம்ப்பாட்டேட்டாவில் அந்த கேமின் ஃபோல்டரை நகலெடுத்து வையுங்கள், பல கேம்களின் சேவ் கோப்புகள் ப்ரீஃபிக்ஸுக்குள்தான் இருக்கின்றன.

பேட்ச் எழுதும் இடம் வைன் ஃபோல்டருக்குள் "டிஎல்எல்ஸ்". லாகில் வந்த டிஎல்எல்லின், ஃபங்ஷன்களைப் பட்டியலிடும் ஸ்பெக் கோப்பில் ஃபங்ஷன் பெயருக்கு முன் "ஸ்டப்" என்றிருக்கும். அதை "எஸ்டிடிகால்" ஆக்கி, அடைப்புக்குறிக்குள் ஆர்க்யுமென்ட்களின் வகைகளை எழுத வேண்டும். இந்த எண்ணிக்கையில் மிகக் கவனமாக இருங்கள். 32 பிட்டில், ஆர்க்யுமென்ட்கள் வைக்கப்படும் நினைவகமான ஸ்டாக்கைச் சுத்தம் செய்வது கூப்பிடப்பட்ட ஃபங்ஷனின் பொறுப்பு, ஒரு ஆர்க்யுமென்ட் தவறினாலும் ஸ்டாக் நகர்ந்து, சம்பந்தமே இல்லாத வேறொரு இடத்தில் கேம் விழும். 64 பிட்டில் அதே தவறு சத்தமில்லாமல் தப்பிவிடும். "64 பிட்டில் ஓடியதே" என்பது சான்றாகாது.

பிறகு சி கோப்பில் ஃபங்ஷனை எழுதி, உள்ளே ஒரு ஃபிக்ஸ்மி வரியும் போட்டு, ஒரு மதிப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். எந்த மதிப்பு என்பதை ஊகிக்காதீர்கள். வெற்றி என்று பொய் சொன்னால், நிரப்பப்படாத பாயின்டரை நம்பி கேம் அடுத்த வரியில் சாகும். "ஆதரவில்லை" என்று சொன்னால் பல கேம்கள் அந்த வசதியை விட்டுவிட்டு மேலே போகும். உங்களிடம் விண்டோஸ் இருப்பது இங்கே பெரிய வரம். லினக்ஸிலிருந்தே விண்டோஸ் நிரல் உருவாக்கும் கம்பைலரான மிங்டபிள்யூவில் இருபது வரி சோதனை நிரல் எழுதி, அதை நிஜ விண்டோஸில் ஓட்டி, என்ன மதிப்பு, என்ன பிழை எண் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வைன் வளர்ந்ததே இப்படித்தான். கசிந்த விண்டோஸ் மூலக்கோடைத் தொடவே தொடாதீர்கள், பார்த்தவர்களின் பேட்சை வைன் ஏற்காது.

ஒரு டிஎல்எல்லைத் திருத்தியதற்காக முழு பில்டும் தேவையில்லை. "மேக் மாட்யூல்=பெயர் மாட்யூல்" என்றால் அதன் 32, 64 பிட் வடிவங்கள் மட்டும் உருவாகும். "வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்ற பிழை வந்தால் வைனின் துணை நிரலான வைன்சர்வரின் பழைய பதிப்பு இன்னும் பின்னணியில் ஓடுகிறது, அதை நிறுத்திவிட்டு மறுபடி திறங்கள்.

சிக்கல் வைனில் இல்லாமல் கிராஃபிக்ஸில் இருக்கிறதா என்றறிய, டைரக்ட்எக்ஸ் 11 வரையிலான கேம்களுக்கு, டிஎக்ஸ்விகேவை விட்டு வைனின் சொந்த மாற்றியைக் கொண்டுவரும் "புரோட்டான்_யூஸ்_வைன்டி3டி=1" போட்டுப் பாருங்கள். வேகம் குறையும், ஆனால் கோளாறு மறைந்தால் டிஎக்ஸ்விகே பக்கம் தேடலாம். டிஎக்ஸ்விகேவை மட்டும் தனியாக பில்ட் செய்ய மெசான், ஜிஎல்எஸ்எல்லாங், மிங்டபிள்யூ போதும். உபுண்டுவில் மிங்டபிள்யூவின் போசிக்ஸ் த்ரெட் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். உருவான டிஎல்எல்லை ப்ரீஃபிக்ஸுக்குள் வைத்தால் அடுத்த முறை கேம் திறக்கும்போது புரோட்டான் அதைத் தன்னுடையதால் மாற்றிவிடும். அதனால் நீங்கள் பில்ட் செய்த புரோட்டானின் ஃபோல்டருக்குள் இருக்கும் பிரதியைத்தான் மாற்ற வேண்டும்.

பழைய புரோட்டானில் ஓடிய கேம் புதியதில் ஓடவில்லையென்றால் பேட்ச் யோசிக்கும் முன் வைன் ஃபோல்டருக்குள் "கிட் பைசெக்ட்". ஆயிரம் கமிட், அதாவது பதிவான மாற்றங்கள், இருந்தாலும் பத்துச் சோதனையில் குற்றவாளி சிக்கிவிடும்.

நண்பர்களுக்குக் கொடுக்க "மேக் ரீடிஸ்ட்" ஒரு ஃபோல்டராகக் கட்டித் தரும். வைன் 2002இலிருந்து எல்ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருப்பதால், பைனரியைக் கொடுக்கும்போது உங்கள் பேட்ச் சேர்ந்த மூலக்கோடையும் கிடைக்கச் செய்ய வேண்டும். பேட்ச் நிலைத்ததும், விண்டோஸில் ஓட்டிய அந்தச் சோதனை நிரலை வைனின் டெஸ்ட் வடிவில் எழுதி, வைனின் கிட்லேபில் மெர்ஜ் ரிக்வெஸ்டாகப் போடுங்கள். அங்கே சேர்ந்துவிட்டால் அடுத்த பதிப்புக்கு நீங்கள் மறுபடி பில்ட் செய்துகொண்டிருக்க வேண்டாம்.