புதுக் கம்ப்யூட்டர் கிளம்பவில்லையா? கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். வீட்டிலேயே பாகங்களை வாங்கிப் பூட்டி, பட்டனை அமுக்கியும் கிளம்பாமல் தவிக்கிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். ஒரே ஒரு வேண்டுகோள். "ஆன் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அமுக்கியதும் ஒன்றுமே அசையவில்லையா, ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறதா, ஃபேன் ஓடியும் திரை கறுப்பாகவே இருக்கிறதா? மூன்றும் வேறு வேறு நோய். அதைச் சொன்னால்தான் வைத்தியம்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, எல்லாம் புதுச் சாமான். பட்டனை அமுக்கினால் ஃபேன் கூட அசையவில்லை. எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டதா? திருப்பிக் கொடுத்துவிடவா?

அவசரப்படாதீர்கள் தம்பி. எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி. அதன் பின்பக்கம் ஒரு ஸ்விட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் அது ஆஃப். பழைய மாடலில் பக்கத்திலேயே 115, 230 என்று நகர்த்துகிற இன்னொரு ஸ்விட்ச் இருக்கும். அது 230இல்தான் நிற்க வேண்டும். 115இல் வைத்து நம் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் உள்ளே வெடித்துவிடும்.

அடுத்து மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகமும் வந்து சேருகிற பெரிய போர்டை, பாருங்கள். பல போர்டுகளில் பட்டனை அமுக்கும் முன்பே ஒரு சின்ன விளக்கு எரியும். எரிந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து 5 வோல்ட் வருகிறது என்று அர்த்தம், பாதிக் கவலை தீர்ந்தது. அப்புறம் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து போர்டுக்கு வருகிற 24 பின் கேபிள். கொக்கி "டக்" என்று விழும் வரை அழுத்த வேண்டும். புதுப் போர்டில் அது இறுக்கமாகத்தான் இருக்கும், பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இதெல்லாம் சரி என்றால் கேபினட் பட்டனிலிருந்து வருகிற மெல்லிய வயர்களைச் சந்தேகப்படுங்கள். போர்டின் கீழ் ஓரத்தில் நெருக்கமாக ஒன்பது பின் நிற்கும். அதில் பவர் ஸ்விட்சுக்கு உரியது இரண்டே இரண்டு. ஒரு பின் தள்ளிச் சொருகினாலும் பட்டன் வேலை செய்யாது. போர்டோடு வந்த கையேட்டில் படம் இருக்கிறது. வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். அங்கே இருப்பது 5 வோல்ட்டுக்கு மேல் இல்லை, கையை ஒன்றும் செய்யாது. கிளம்பிவிட்டால் குற்றம் பட்டனிலோ வயரிலோதான்.

அப்படியும் அசையவில்லை என்றால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே போர்டை வையுங்கள். பிராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ராம் (நினைவகப் பட்டை), எஸ்.எம்.பி.எஸ். இவ்வளவு போதும். கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி., முன்பக்க யூ.எஸ்.பி. வயர் எதுவும் வேண்டாம். கிளம்பினால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வாருங்கள், எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் ஆள். அட்டைப் பெட்டியின் மேலும் கிளம்பாவிட்டால் அப்போது ஒரு நண்பரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதன் கேபிள்களோடு, வாங்கிப் போட்டுப் பாருங்கள். கடைக்குப் போவது அதற்கும் பிறகு.

மேலப்பாளையம்: ஃபேன், லைட் எல்லாம் ஓடுது அண்ணே. மானிட்டரில் 'நோ சிக்னல்'. பிராசசர் ஐ5 12400எஃப். ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை மதர்போர்டில் சொருகியிருக்கிறேன்.

எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசருக்குள் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் இருக்கிற அந்த ஓட்டையில் படம் வராது. கேபிளைக் கீழே கிராபிக்ஸ் கார்டில் சொருகுங்கள். கார்டே வாங்கவில்லை என்றால் வாங்கத்தான் வேண்டும்.

களக்காடு: ரைசன் 7600, டி.டி.ஆர்.5 ராம் இரண்டு. அமுக்கியதும் போர்டில் டிராம் என்ற இடத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஐந்து தடவை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டேன்.

அந்த ஐந்து தடவையும் நீங்களே வேலையைக் கலைத்திருக்கிறீர்கள். டி.டி.ஆர்.5 ராமை முதல் முறை போடும்போது போர்டு அதன் வேகத்துக்கும் நேரக் கணக்குக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பு, விளக்கு எரியும். சில நிமிடம் பிடிக்கும். ஆன் செய்துவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், கால் மணி நேரம் தொடவே தொடாதீர்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் ப்ளக்கைப் பிடுங்கி, ஒரே ஒரு ராமைப் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டும் நான்கும்தான் ஜோடி, ஒன்றும் இரண்டும் அல்ல. ப்ளக்கைப் பிடுங்குங்கள் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் போர்டில் அந்த 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். ராம் சொருகும்போது அது இருக்கக் கூடாது.

வள்ளியூர்: கம்ப்யூட்டர் ஓடுகிறது, ஆனால் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். பழைய வீடு, எர்த் கம்பியே இல்லை என்றார். ப்ளக் பாயின்ட்டுக்குள் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயர் எடுத்து எர்த் பின்னில் சேர்த்துக் கொடுத்துவிட்டார். இப்போது ஷாக் இல்லை. ஆனால் சில நேரம் ஆன் ஆக மறுக்கிறது. ஏன்?

ஆன் ஆகாததை அப்புறம் பார்க்கலாம். அந்தத் துண்டு வயரை முதலில் எடுக்க வேண்டும் அண்ணாச்சி. இது உயிர்ப் பிரச்சினை.

முன்பு ஏன் சுர்ரென்றது? எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து, ஒன்று நியூட்ரலிலிருந்து, இரண்டும் கேபினட்டோடு சேரும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் பாதி மின்னழுத்தத்தில், சுமார் 115 வோல்ட்டில், மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் டிவி, மானிட்டர் கேபிளைச் சொருகும் நொடியில் ஹெச்.டி.எம்.ஐ. போர்ட்டைத் தின்றுவிடும். நான் அப்படிப் போன போர்டுகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கேபினட் நியூட்ரலில் நிற்கிறது. நியூட்ரல் நல்லபடியாக இருக்கிற வரை ஒன்றும் தெரியாது. ஆடிக் காற்றில் கம்பத்துப் பக்கம் நியூட்ரல் அறுந்தது என்று வையுங்கள். வீட்டில் ஒரு ஃபேன் ஸ்விட்ச் போட்டிருந்தாலே போதும், அந்த ஃபேன் வழியாக ஃபேஸ் மின்சாரம் நியூட்ரல் கம்பிக்கு வந்து நிற்கும். அங்கிருந்து உங்கள் கேபினட்டுக்கு 230 வோல்ட்.

சேரன்மகாதேவி: நான் எலக்ட்ரீஷியன்தான். டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரலை எர்த் செய்துதானே வைத்திருக்கிறார்கள்? இரண்டும் ஒரே மண்தான். ஜனங்களைப் பயமுறுத்தாதீர்கள்.

நல்ல கேள்வி, நீங்கள் சொன்னதில் பாதி சரி. டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் மண்ணோடு சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கும் வீட்டு ப்ளக்குக்கும் நடுவே எத்தனை கம்பம், எத்தனை ஜாயின்ட்? அதில் எங்கே விட்டாலும் வீட்டுப் பக்க நியூட்ரல் மண்ணோடு உறவு இல்லாத வெறும் கம்பி. கம்பத்தில் வேலை பார்த்துத் திருப்பிக் கட்டும்போது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினால் இன்னும் மோசம், ஃபேன் கூட ஓட வேண்டாம், கேபினட் நேராக ஃபேஸ். இன்னொன்று, வீட்டில் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு தெரிந்ததும் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்துகிற ஸ்விட்ச், மாட்டியிருந்தாலும் இந்தத் துண்டு வயர் அதைக் குருடாக்கிவிடும். கசிவு நியூட்ரல் வழியாகவே திரும்பிப் போவதால் அதற்கு வித்தியாசமே தெரியாது, விழாது.

திசையன்விளை: எங்கள் பக்கம் தேரி மணல். எர்த் குழி தோண்டினாலும் பிடிக்காது. எர்த் இல்லாமலேயே இருபது வருடம் கம்ப்யூட்டர் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகாதது சந்தோஷம். காய்ந்த மணல் மின்சாரத்தை வாங்காது என்பதும் உண்மை. அதற்காக விட்டுவிட முடியாது. ஈரம் தட்டும் ஆழம் வரை பைப்பை இறக்குங்கள். குழியைத் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் தானாக விழுந்துகொண்டே இருக்கும். மற்ற இடத்தில் என்றால் கோடையில் வாரம் இரண்டு குடம் ஊற்றுங்கள். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. எர்த் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் அது விழுந்து காப்பாற்றும். கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்லை, கிரைண்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் இதே எர்த்துதான்.

சேரன்மகாதேவி: ஆர்.சி.சி.பி. விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடகை வீட்டில் குழி தோண்ட விடுவார்களா?

வீட்டுக்காரரிடம் பேசுங்கள். சம்மதிக்கவில்லை என்றால் எர்த் இல்லாமல் விடுவது கூடத் தேவலை, நியூட்ரலைச் சேர்ப்பது கூடவே கூடாது. தொழில் செய்கிறவர் நீங்கள், உங்களை நம்பித்தான் ஒரு தெருவே ஸ்விட்ச் போடுகிறது.

தென்காசி: ஃபேன் ஓடுது, டிஸ்ப்ளே இல்லை. என்ன செய்ய?

மேலப்பாளையத்துக்கும் களக்காட்டுக்கும் சொன்னதைப் படியுங்கள். கூடவே பிராசசருக்குத் தனியாகப் போகிற 8 பின் கேபிள், போர்டின் மேல் மூலையில், சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதை மறந்தால் ஃபேன் ஓடும், படம் வராது.

நாங்குநேரி: அமுக்கியதும் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது.

எங்கேயோ ஷார்ட். போர்டைக் கழற்றி அடியில் பாருங்கள். கேபினட்டில் போர்டைத் தாங்குகிற பித்தளைக் கால்கள், போர்டில் ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும். ஒன்று கூடுதலாக நின்றால் அது போர்டின் முதுகைக் குத்திக்கொண்டு இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ளத்தான் நிற்கிறது.

சங்கரன்கோவில்: பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்துவிட்டுப் புதிது போட்டேன். கழற்றி மாட்டுகிற மாடல் என்பதால் பழைய கேபிள்களை அப்படியே விட்டுப் புதுப் பெட்டியில் சொருகினேன். புகை வந்தது.

மனசு கஷ்டமாக இருக்கிறது. கேபிளின் போர்டுப் பக்கம் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். எஸ்.எம்.பி.எஸ். பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். சொருகினால் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். எஸ்.எஸ்.டி., ஹார்ட் டிஸ்க்தான் முதலில் போகும். அவற்றை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். எல்லோருக்கும் சொல்கிறேன்: ஒரு பெட்டியின் கேபிளை இன்னொரு பெட்டியில் சொருகாதீர்கள்.

கல்லிடைக்குறிச்சி: மகன் பூட்டினான், கிளம்பவில்லை. கடையில் பின் வளைந்திருக்கிறது, போர்டு மாற்ற வேண்டும், வாரண்டி கிடையாது என்கிறார்கள். உண்மையாக இருக்குமா தம்பி?

இருக்கலாம் அக்கா. இன்டெல் போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தில் மயிர் போல ஆயிரத்துக்கும் மேற்பட்ட பின் நிற்கும். பிராசசரைக் கொஞ்சம் கோணலாக வைத்தாலே வளைந்துவிடும். ஆனால் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். வெளிச்சத்தில் சாய்த்து, செல்போனில் பெரிதாக்கிப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வரிசையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னினால் அதுதான். ஒன்றிரண்டு பின் என்றால் லென்ஸும் ஊசியும் வைத்து நிமிர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். பையனைத் திட்டாதீர்கள். கைவேலை கற்றுக்கொள்கிற பிள்ளை.

முக்கூடல்: லேப்டாப் ஆன் ஆகவில்லை.

லேப்டாப் என் வேலை இல்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

கடையநல்லூர்: பி660 போர்டு, 14ஆம் தலைமுறை பிராசசர். ஃபேன் ஓடுது, டிஸ்ப்ளே இல்லை. தென்காசிக்குச் சொன்னதெல்லாம் பார்த்துவிட்டேன்.

பார்த்துவிட்டு வந்ததற்கு நன்றி. போர்டு பிராசசருக்கு மூத்தது. அதன் பயாஸ், அதாவது போர்டைக் கிளப்புகிற உள் மென்பொருள், பழையதாக இருந்தால் இந்தப் பிராசசரை அடையாளம் தெரியாது. போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ் பட்டன் இருந்தால், கம்பெனித் தளத்திலிருந்து சரியான ஃபைலை எடுத்து, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் கையேடு சொல்லும் பெயரில் போட்டு, அதற்கென்று குறித்த போர்ட்டில் சொருகி அமுக்குங்கள். விளக்கு மினுக்கி முடியும் வரை கரண்ட் போகக் கூடாது, யூ.பி.எஸ்.ஸில் போட்டுச் செய்யுங்கள். விலை குறைந்த போர்டில் பெரும்பாலும் அந்தப் பட்டன் இருக்காது. அப்போது விற்ற கடையிலேயே 12ஆம் தலைமுறை பிராசசர் ஒன்றைப் போட்டு அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

தாழையூத்து: ஃபேன் ஓடுது, டிஸ்ப்ளே வரலை.

மேலே நான்கு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டு, எந்த விளக்கு எரிகிறது என்று கேளுங்கள்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, ஸ்க்ரூடிரைவரால் தொட்டதும் கிளம்பிவிட்டது! வயரை ஒரு பின் தள்ளிச் சொருகியிருந்தேன்.

ரொம்பச் சந்தோஷம் தம்பி. எஸ்.எம்.பி.எஸ். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

வள்ளியூர்: எலக்ட்ரீஷியன் நாளைதான் வருவார். அதுவரை கம்ப்யூட்டரை ஓட்டலாமா?

வேண்டாம் அண்ணாச்சி. ப்ளக்கைப் பிடுங்கி வையுங்கள், அந்தப் பாயின்ட்டில் வேறு எதையும் சொருகாதீர்கள், பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். வேறு அறையிலும் இதே மாதிரி துண்டு வயர் போட்டிருக்கிறாரா என்று நாளை கேளுங்கள். ஆன் ஆக மறுப்பதை வயர் எடுத்த பிறகு பார்ப்போம்.