கிரேப்ஃப்ரூட் கசக்குதுன்னா உரிக்கிற விதத்தை மாத்துங்க

டல்லாஸில் ஒரு பை கிரேப்ஃப்ரூட் வாங்கி, கமலா ஆரஞ்சு மாதிரி உரிச்சுச் சாப்பிட்டு, வாயெல்லாம் கசந்ததுன்னு எழுதியிருக்கீங்க. பழத்தின் மேல் தப்பில்லை. கசப்பைத் தரும் நாரிஞ்சின்ங்கிற பொருள், தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பஞ்சிலும் சுளையின் தோலிலும்தான் அதிகம். நம்ம ஊர் பம்ப்ளிமாஸைச் சுளையின் தோலை நீக்கிட்டுத்தானே தின்போம்? அதோட வாரிசுதான் இதுவும். பம்ப்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து கரீபியன் தீவான பார்படோஸில் பிறந்தது.

மேலும் கீழும் சீவிட்டு, வெள்ளை கொஞ்சமும் ஒட்டாம கத்தியால தோலை இறக்குங்க. அப்புறம் சுளைகளுக்கு நடுவே கத்தியை விட்டு சதையை மட்டும் எடுங்க. சர்க்கரை வேண்டாம், ஒரு சிட்டிகை உப்பு தூவுங்க. உப்பு கசப்பை அமுக்கும், இனிப்பு தானா மேலே வரும். எனக்கு மிளகாய்த்தூளும் வேணும், கொய்யாவுக்குப் போடுற மாதிரி. குளிர்ல ஹீட்டர் போட்ட வீட்டில் தொண்டை வறண்டு கிடக்கும்போது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த நாலு சுளை போதும்!

அடுத்த தடவை டெக்சஸ் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலிருந்து வரும் சிவப்பு வகையா பார்த்து வாங்குங்க. ஜனவரி அதுக்கு நல்ல பருவம். கையில் கனமா இருக்கணும். தோலில் தழும்பு இருந்தா பரவாயில்லை.

கூட இருக்கும் மாமியார் கொலஸ்ட்ரால் மாத்திரை போடறாங்கன்னீங்களே, டாக்டரைக் கேட்காம அவங்களுக்குக் கொடுக்காதீங்க. சிம்வாஸ்டாட்டின் மாதிரி சில கொலஸ்ட்ரால் மருந்துகளை உடைக்கும் குடல் நொதியை இந்தப் பழம் முடக்கும், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிடும். காலையில் பழம், ராத்திரி மாத்திரைன்னு பிரிச்சாலும் உதவாது.