ஃபயர்வாலில் (நெட்வொர்க்கில் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் கருவி) கேபிள் செருகும் போர்ட் ஒன்றுதான். அதில் மூன்று நெட்வொர்க் எப்படி?

விலேன் (VLAN, ஒரே கேபிளில் பிரித்து ஓடும் மெய்நிகர் நெட்வொர்க்) இன்டர்ஃபேஸ் என்பது, ஒரே போர்ட்டுக்குள் மென்பொருள் உருவாக்கும் தனி வாசல். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் (1 முதல் 4094 வரை), ஓர் ஐபி முகவரி, தனி விதிகள்.

கிருஷ்ணகிரி மாங்காய் சீசனை நினைத்துக்கொள்ளுங்கள். போச்சம்பள்ளிப் பக்கம் மூன்று தோட்டத்துக் காய் ஒரே லாரியில் மண்டிக்கு வரும். கிரேட்டில் தோட்டத்துக் குறி இருப்பதால் கணக்கு கலக்காது. விலேன் எண்ணும் அப்படியொரு குறிதான், லாரிதான் கேபிள்.

எதற்கு இந்தப் பாடு? ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகள் ஃபயர்வாலைத் தொடாமலேயே நேரடியாகப் பேசிக்கொள்ளும். கடையின் பில்லிங் கணினி, சிசிடிவி, வாடிக்கையாளர் வைஃபை மூன்றையும் பிரித்தால்தான், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் எதுவும் ஃபயர்வாலைக் கடந்தாக வேண்டும்.

அமைப்பது எளிது: போர்ட்டைத் தேர்ந்து, எண் 20 கொடுத்து, 192.168.20.1 போன்ற முகவரி வையுங்கள். கருவிகளுக்குத் தானாக முகவரி கிடைக்க டிஎச்சிபியையும் இயக்குங்கள். ஃபயர்வாலோடு இணையும் சுவிட்ச் (கருவிகளின் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) போர்ட்டிலும் அதே எண் ‘டேக்’ (குறி) ஆகியிருக்க வேண்டும். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். முதலில் இதைப் பாருங்கள்.

விலேன் பிரித்தாலே பாதுகாப்பு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ‘எல்லாம் அனுமதி’ என்ற விதி இருக்கும்வரை, கேமராவிலிருந்து பில்லிங் கணினிக்கு வழி திறந்தேதான் கிடக்கும்.