கவுன்சில் டாக்ஸ்: கேட்டால்தான் தள்ளுபடி

(கவுன்சில் டாக்ஸ் என்பது உள்ளூர் கவுன்சில் வீட்டுக்கு வாங்கும் வரி. பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டும்.)

தனியாக வசிப்பதால் 25 சதவீதத் தள்ளுபடி வாங்குகிறேன். வேலைக்குப் போகும் மகன் வீட்டோடு வந்துவிட்டான். சொல்லாமல் விட்டால் தெரியவா போகிறது? – ஹாரோ

தெரியும். விட்ட பணத்தையும் வசூலித்து 70 பவுண்டு அபராதமும் போடலாம். இன்றே சொல்லுங்கள்.

கணவர் முழுநேர மாணவர். நான் டிபென்டன்ட் விசாவில் கேர் ஹோமில் வேலை செய்கிறேன். நான் சம்பாதிப்பதால் வரி உண்டு என்கிறார் வீட்டுக்காரர். – லெஸ்டர்

வீட்டுக்காரர் சொல்வது தப்பு. நீங்கள் பிரிட்டிஷ் பிரஜை அல்ல, அரசு உதவித்தொகை கேட்கக் கூடாது என்று விசாவில் நிபந்தனையும் இருக்கிறது என்றால் உங்களையும் மாணவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். வீட்டில் நீங்கள் இருவர் மட்டும்தான் என்றால் ஒரு பென்னியும் கட்ட வேண்டாம். கல்லூரிச் சான்றையும் விசா விவரத்தையும் அனுப்புங்கள்.

அம்மாவுக்கு மூன்று வருடமாக டிமென்ஷியா. வீட்டில் நாங்கள் இருவர்தான். முழு வரி கட்டுகிறேன். – க்ராய்டன்

வயிறு எரிகிறது. வரி பில் ஏப்ரலுக்கு முன்பே தேடி வந்துவிடும். தள்ளுபடி மட்டும் நாம் தேடிப் போனால்தான். டாக்டர் நோயைச் சொல்வார், அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கான உதவித்தொகை) கொடுப்பவர்கள் கடிதம் போடுவார்கள், கவுன்சிலிடம் கேளுங்கள் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. டாக்டர் சான்றும், அந்த அலவன்ஸ் போன்ற ஓர் உதவித்தொகைக்கான தகுதியும் இருந்தால், வீட்டில் எத்தனை பெரியவர்கள் என்ற கணக்கில் அம்மா வர மாட்டார். உங்களுக்கு 25 சதவீதம் குறையும். வாரம் 35 மணி நேரமாவது நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள், பராமரிப்பவருக்கான மற்ற நிபந்தனைகளும் பொருந்துகின்றன என்றால் 50 சதவீதம். அம்மா தனியாக இருந்திருந்தால் முழுசும் தள்ளுபடி. இந்தச் சான்றுக்கு ஜிபி (குடும்ப டாக்டர்) காசு கேட்கக் கூடாது, கேட்டால் கொடுக்காதீர்கள். தகுதி வந்த தேதியிலிருந்தே கணக்குப் போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், போன் வேண்டாம்.

‘உங்கள் வீடு தப்பான பேண்டில் (வீட்டு மதிப்பை வைத்துப் போடும் வரிப் பிரிவு) இருக்கிறது, பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று போன் வந்தது. கார்டில் 180 பவுண்டு கொடுத்துவிட்டேன். எட்டு நாளாகிறது. வயது 74. – ஈஸ்ட் ஹாம்

ஐயா, நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. போனில் இனிக்க இனிக்கப் பேசியவரிடம் நான் வாங்கிய தண்ணீர் வடிகட்டி இன்னும் பெட்டியோடு பரணில் கிடக்கிறது. போனில் செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். இன்றே மின்னஞ்சல் போடுங்கள்; இழுத்தடித்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். பேண்டைத் திருத்தச் சொல்லிக் கேட்பது இலவசம், நாமே செய்யலாம். ஆனால் 1991 ஏப்ரல் 1 அன்று வீடு என்ன விலை போயிருக்கும் என்பதுதான் கணக்கு. அதே மாதிரி பக்கத்து வீடுகளின் பேண்டை முதலில் பாருங்கள். கேட்கப்போய் ஏறவும் கூடும்.

ஃபிளாட் வாங்கிய பிறகுதான் பேண்ட் எஃப் என்று தெரிந்தது. ஏதாவது தள்ளுபடி? – ரெடிங்

பார்க்காமல் வாங்கியதற்கா? போஸ்ட்கோடைத் தட்டினால் அரசு இணையதளமே பேண்டைக் காட்டும். செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குபவர்கள் வீட்டுக்கு இதைச் செய்வதில்லை. பத்துத் தவணையைப் பன்னிரண்டாக்கக் கேளுங்கள், கொடுத்தாக வேண்டும். அவ்வளவுதான் கிடைக்கும்.